மூன்று பவுன் வரியும் நேட்டால் கரும்புத் தோட்டங்களும்

அடிமைக் கிளர்ச்சி என்றாலே ஸ்பார்ட்டகஸ், இல்லாவிட்டால் ஹெய்தி. வகுப்பில் ஹெய்தி பற்றிப் பேச்சு வந்த அன்று பின்வரிசையில் இருந்து ஒரு நண்பன் கேட்டான்: "இதெல்லாம் சரிடா, நம்ம ஆளுங்க தோட்டத்துக்குக் கப்பல் கப்பலா போனாங்களே, அவங்க எங்கயாவது திருப்பி எதிர்த்திருக்காங்களா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததில் முக்கியமானதாகப் பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிர்த்திருக்கிறார்கள். 1913-ல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில். "அட, அது காந்தி நடத்தின போராட்டம், தில்லையாடி வள்ளியம்மை எல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சே" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் போராட்டத்தில் பாதிதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மீதிப் பாதி கரும்புக் காட்டில் நடந்தது. அது நடக்கும்போது காந்தி ஜெயிலில் இருந்தார்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இவர்கள் அடிமைகளா? சட்டப்படி இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறி 1834 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்குப் பின்னணியாக இருந்த கிளர்ச்சிகளில் ஒன்று தென் அமெரிக்காவின் டெமராராவில் (இன்றைய கயானா) 1823 ஆகஸ்டில் நடந்தது. பத்தாயிரம் அடிமைகளுக்குக் குறையாமல் எழுந்தார்கள். சில நாட்களிலேயே அடக்கிவிட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் கிளர்ச்சி தொடங்கிய 'சக்ஸஸ்' தோட்டத்தின் முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா.

இந்த மனிதரைப் பின்தொடர்ந்தால் நம் கதை பிடிபடும். அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், முதலாளிகளுக்கு! ஜான் கிளாட்ஸ்டனுக்கு மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. 1836-ல் அவரே கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்கு எழுதி, தோட்டத்துக்கு இந்தியக் கூலிகள் கிடைப்பார்களா என்று விசாரித்தார். 1838-ல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் கயானாவுக்கு ஆள் ஏற்றிப் போயின. மொரீஷியசுக்கு அதற்கும் முன்பே 1834-லேயே ஆள் போக ஆரம்பித்துவிட்டது. தோட்டம் அதே தோட்டம், முதலாளி அதே முதலாளி. ஆள் மட்டும்தான் மாறினான். இது புதிய அடிமை முறையாக ஆகிவிடும் என்று அப்போதைய காலனி மந்திரி ஜான் ரஸ்ஸல் பிரபுவே 1840-ல் கவலைப்பட்டிருக்கிறார். அந்தச் சொல்லையே ஹியூ டிங்கர் என்ற வரலாற்றாசிரியர் 1974-ல் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ'. மெட்ராஸில் கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்றில் இருந்து 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் ராஜதானியில் இருந்து. வட ஆற்காடு, செங்கல்பட்டு, விசாகப்பட்டினம், தென் ஆற்காடு, சேலம் என்று கப்பல் பதிவேடுகளில் ஜில்லா பெயர்கள் வரும். பாரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அன்றைக்கு சேலம் ஜில்லாதான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தை எப்படிப் போட்டுத் தாக்கியது என்பதை ஊரில் வயதானவர்கள் தங்கள் தாத்தா பாட்டி சொன்னதாக இன்றும் சொல்வார்கள். அந்த மாதிரிக் காலத்தில் ஏஜெண்ட் வந்து "கடல் தாண்டினால் மாசம் சம்பளம், சோறு, வீடு" என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்?

ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் தோட்டத்தில் அளப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் கைது. வேலைக்கு வராததும் சொன்ன பேச்சு கேட்காததும் கிரிமினல் குற்றம். நம் ஊரில் ஒருவர் கம்பெனிக்கு லீவு போட்டால் அதிகபட்சம் சம்பளம் போகும். அங்கே ஜெயில். 1891-ம் வருஷச் சட்டத்தில் நான் படித்த ஒரு பிரிவுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தோட்டத்து ஆட்கள் கும்பலாக அனுமதி இல்லாமல் கிளம்பிப் போய் முதலாளி மேல் புகார் கொடுத்தால், புகார் உண்மையாகவே இருந்தாலும் அவர்களுக்குத் தண்டனை உண்டு.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் ஆபீஸில் வந்து நின்ற கதை சத்திய சோதனையில் இருக்கிறது. அடித்தது அவருடைய வெள்ளைக்கார முதலாளி. காந்தியால் முடிந்தது அந்த ஆளை வேறு ஒரு முதலாளிக்கு மாற்றி விடுவதுதான். வேலையை விட்டு விலகும் உரிமையே ஒப்பந்தத்தில் கிடையாது!

சரி, ஐந்து வருஷம் முடிந்ததா, விடுதலைதானே? அங்கேதான் 3 பவுன் வரி வருகிறது. இந்த வரி புரிந்தால்தான் 1913 புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டார்கள், கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார்கள், சின்னச் சின்னக் கடை போட்டார்கள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தோட்ட முதலாளிக்கோ ஆள் வேண்டும், ஆனால் கூலியாக மட்டும் வேண்டும். இரண்டு தரப்புக்கும் ஒத்துவரும் மாதிரி நேட்டால் அரசு 1895-ல் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வருகிறவன் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாக இருக்கிறேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். முதலில் கேட்டது 25 பவுன். வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதைக் குறைத்து 3 பவுனுக்குச் சம்மதித்தார். 1903-ல் 16 வயது ஆன பையனுக்கும் 13 வயது ஆன பெண்ணுக்கும் வரி என்று விரித்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுன் 20 ஷில்லிங். மூன்று பவுன் 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலியில் அது ஆறு மாதச் சம்பளம். புருஷன், பெண்டாட்டி, வயது வந்த ஒரு பையன், ஒரு பெண் என்று நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஐந்தாம் வருஷக் கூலியான 14 ஷில்லிங்கை வைத்துக் கணக்குப் போட்டாலும் அந்தக் குடும்பத் தலைவன் வருஷம் முழுக்கச் சம்பாதிப்பது 168 ஷில்லிங். வருமானத்தை விட வரி அதிகம்! இதை வருமானத்துக்காகப் போட்ட வரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ஆளைத் திரும்பக் கரும்புக் காட்டுக்குள் தள்ளுகிற வேலி. தள்ளவும் செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டாவது, மூன்றாவது தடவை கைரேகை வைத்தார்கள். 1911 ஜூலையில் இந்திய அரசு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. புது ஆள் வராததால் பழைய ஆளை விடாமல் பிடித்து வைக்கிற இந்த வரி முதலாளிகளுக்கு இன்னும் அவசியமாகிப் போனது.

இதே நேட்டாலில் இன்னொரு தலைவரியும் இருந்தது. 1906-ல் ஆப்பிரிக்க மக்கள் மேல் தலைக்கு ஒரு பவுன் வரி போட்டதும் பம்பாத்தா என்ற ஜூலுத் தலைவர் கிளர்ந்தெழுந்தார். மூவாயிரம் பேருக்கு மேல் கொன்று அதை அடக்கினார்கள். காந்தி அப்போது அரசுப் பக்கம் நின்று காயம்பட்டவர்களைத் தூக்கும் படை நடத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயம்பட்ட ஜூலுக்களைத்தான் பெரும்பாலும் கவனித்தோம் என்று அவர் எழுதியிருக்கிறார். ஏழு வருஷம் கழித்துத் தமிழ்க் கூலிகள் தங்கள் தலைவரிக்கு எதிராக எழுந்தபோது முடிவு வேறு மாதிரி ஆனது. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

1913-ல் நெருப்புப் பற்றக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. 1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்து மந்திரிகளைப் பார்த்துவிட்டு, வரி போய்விடும் என்ற நம்பிக்கையோடு கிளம்பினார். அடுத்த வருஷமே அரசு அப்படி வாக்கே கொடுக்கவில்லை என்றது. 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் செல்லாது என்கிற நிலைமையை உண்டாக்கியது. நம் பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்று ஆனார்கள்.

அதுவரை காந்தியின் போராட்டம் பெரும்பாலும் டிரான்ஸ்வாலில், பதிவுச் சட்டத்துக்கு எதிராக நடந்தது. 3 பவுன் வரியை அவர் 1890-களிலேயே எதிர்த்து மனுக் கொடுத்திருந்தாலும் கூலிகளைக் களத்தில் இறக்கியது 1913-ல்தான். அதைச் சாதித்தவர்கள் பதினோரு பெண்கள். பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள், ஆறு பேர் கையில் குழந்தை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியும் போலீஸ் கைது செய்யாததால் மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடுவோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அக்டோபர் நடுவில் சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர்கள் பேசியது தமிழில், வரி பற்றி. வேலைநிறுத்தம் தொடங்கியது. பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல்.

சுரங்க முதலாளிகள் குடியிருப்பில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினார்கள். குடியிருப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள் என்றார் காந்தி. மூட்டை முடிச்சோடு வந்தவர்களை நியூகாசிலில் தன் சின்ன வீட்டிலும் நிலத்திலும் தங்க வைத்தவர் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினார்கள். ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும் சாப்பாடு. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் செத்தன. ஒன்று குளிரில், ஒன்று ஓடையைத் தாண்டும்போது தாயின் கையில் இருந்து நழுவி. நாலே நாளில் காந்தியை மூன்று தடவை கைது செய்தார்கள். கடைசியில் ஒன்பது மாதத் தண்டனை. மற்றவர்களை மூன்று ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பினார்கள். ஜெயிலில் இடம் போதாது என்று சுரங்கக் குடியிருப்புகளையே ஜெயில் என்று அறிவித்து, சுரங்கத்து வெள்ளைக்கார ஊழியர்களையே வார்டர்களாக ஆக்கினார்கள். சுரங்கத்தில் வேலை செய்வதே தண்டனை! இதற்கு மேல் அடிமைத்தனத்துக்கு விளக்கம் வேண்டுமா?

பாடப்புத்தகக் கதை இத்தோடு அநேகமாக முடிந்துவிடும். ஆனால் அரசாங்கத்தை உண்மையில் நடுங்க வைத்தது இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்பது என் கருத்து.

கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களை வேலைநிறுத்தத்தில் இழுப்பது காந்தியின் திட்டத்தில் இல்லை. அறுபதாயிரம் பேருக்கு யார் சோறு போடுவது என்பது அவர் கவலை. ஆனால் நவம்பரில் தலைவர்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போது தோட்டங்கள் தாமாகவே நின்றன. ஒரு தோட்டத்தில் இருந்து அடுத்த தோட்டத்துக்குச் செய்தி நடந்தே போனது. நவம்பர் நடுவில் டர்பன் நகரமே முடங்கியது. துறைமுகம், ரயில்வே, ஓட்டல், நகரசபைத் துப்புரவு எல்லாம் நின்றன. அரைத்துக்கொண்டிருந்த சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வரவில்லை. சில இடங்களில் கரும்புக் காடு எரிந்தது. வெருளம் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நின்றார்கள். பீனிக்ஸ் ஆசிரமம் அகதி முகாம் மாதிரி ஆனது. மொத்தம் இருபதாயிரம் பேர் அளவில் வேலையை நிறுத்தினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். சொந்த நிலம் இல்லாத, பிடிபட்டால் ஜெயில் என்று தெரிந்த, மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங் வாங்குகிற இருபதாயிரம் பேர்.

அரசு குதிரைப் போலீஸை அனுப்பியது. எஸ்பரன்ஸா பக்கத்தில் பெனிவா தோட்டத்திலும், மவுண்ட் எட்ஜ்கோம்ப் வட்டாரத்தில் பிளாக்பர்ன் தோட்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. கரும்பு வெட்டும் கத்தியும் கம்பும் கல்லும் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். செத்தவர்கள் பெயர்களைப் படியுங்கள்: பச்சையப்பன், ராகவன், செல்வன், குருவாடு, சுப்பராயக் கவுண்டன். ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதி வைத்திருப்பதை நான் தமிழில் இப்படிப் படிக்கிறேன். தவறாக இருக்கலாம். அகிம்சைப் போராட்டம் என்ற சட்டகத்துக்குள் இவர்கள் சரியாக அடங்காததால்தானோ என்னவோ, இந்தப் பெயர்கள் நம் பாடத்தில் வரவில்லை.

இப்போது முன்னால் விட்ட கேள்விக்கு வருகிறேன். பம்பாத்தா கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது, இது ஏன் சட்டத்தில் முடிந்தது? இந்தக் கூலிகளுக்குப் பின்னால் இந்தியா இருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம். துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள் தந்தியில் வந்து இங்கே ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அந்தக் காலத்தில் சேலத்தில் வக்கீல். காந்தியின் தென்னாப்பிரிக்கச் சிறை அனுபவத்தைத் தன் செலவில் அச்சிட்டதோடு நிதி திரட்டியும் அனுப்பினார். அப்போது இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. 1913 நவம்பர் 24 அன்று வைஸ்ராய் ஹார்டிங் பிரபு மெட்ராஸில் பேசும்போது தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு வைஸ்ராய் இன்னொரு பிரிட்டிஷ் அரசைப் பொதுமேடையில் கண்டிப்பது சாதாரண விஷயம் இல்லை. லண்டனுக்கு இந்தியா அமைதியாக இருப்பது முக்கியம். ஜூலுக்களுக்கு அப்படிப் பேச ஒருவரும் இல்லை.

டிசம்பரில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள், காந்தியை விடுவித்தார்கள். 1914 ஜனவரியில் வெள்ளைக்கார ரயில்வே தொழிலாளிகளும் வேலைநிறுத்தம் செய்ததால் அரசுக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த நேரத்தில் நெருக்க மாட்டேன் என்று காந்தி தன் ஊர்வலத்தைத் தள்ளிப் போட்டார். ஜூன் மாதம் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது, பாக்கியும் தள்ளுபடி. கல்யாணங்கள் செல்லும். ஜூலை 18 அன்று காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார்.

வெற்றிதான். ஆனால் எவ்வளவு வெற்றி? கூலி ஒரு ஷில்லிங் கூட ஏறவில்லை. சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது என்ற விதி, லீவு போட்டால் ஜெயில் என்ற விதி எல்லாம் அப்படியே இருந்தன. சுட்டவர்களுக்குத் தண்டனை இல்லை. ஒரு மாகாணத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகத் தடை தொடர்ந்தது. அதே 1913 ஜூனில் வந்த நிலச் சட்டம் ஆப்பிரிக்க மக்களை நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்துக்குள் அடைத்தது. இந்தியர் போராட்டம் அதைத் தன் பிரச்னையாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இருந்தாலும் வரி போனது சின்ன விஷயம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தவனுக்கு முதல் தடவையாக "முடியாது" என்று சொல்லும் வசதி வந்தது. அடுத்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஆட்கள் கரும்புக் காட்டை விட்டு நகரத்துக்கும் தோட்டக் காய்கறிக்கும் ஆலை வேலைக்கும் நகர்ந்தார்கள். இந்தியாவிலும் விஷயம் நிற்கவில்லை. 1916-ல் மாளவியா சட்டசபையில் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், 1917-ல் ஆள் அனுப்புவது நின்றது, மிச்சம் இருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. ஆனால் சிலோனுக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் மூலம் ஆள் போவது அதற்கப்புறமும் நடந்தது. அங்கே ஒப்பந்தச் சீட்டுக்குப் பதில் கங்காணியின் கடன் கணக்கு.

வள்ளியம்மை ஜெயிலில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் செத்துப்போனாள். அவள் பெயரில் தில்லையாடியில் மண்டபம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். செல்வனுக்கும் பச்சையப்பனுக்கும் அப்படி ஊர் பெயர் கூட நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. காந்தி கோட்டை விட்டது 1921-ல் மதுரையில் என்று நாம் எல்லாரும் சொல்வோம். 1913 டிசம்பர் 21 அன்று, ஜெயிலில் இருந்து வந்த மூன்றாம் நாள், டர்பன் கூட்டத்துக்கு அவர் தலையை மழித்து, செருப்பு இல்லாமல், லுங்கியும் குர்த்தாவுமாக வந்தார். அதுவரை கோட்டும் டையும் போட்ட பாரிஸ்டர். தோட்டத்தில் சுடப்பட்டுச் செத்த கூலிகளுக்குத் துக்கம் காக்க, கூலிகள் உடுத்துவது மாதிரி உடுத்தி வந்ததாக அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சொன்னார்.